வளைவில் நின்ற நாற்காலி

என்னைப் பெறாமலேயே என்னை அதட்டும் உரிமையை எடுத்துக்கொண்ட என் தனம் அக்காவுக்கு,

நாற்றமெடுக்கிற கையால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இன்று மத்தியானம் ஒரு வீட்டுச் சாவி வாங்கப் போகும்போது காலடிப்பேட்டையில் ஒரு சந்துக்குள் நுழைந்தேன். பாதி வழியில் கால் வழுக்கியது, விழாமலிருக்கச் சுவரைப் பிடித்தேன். சுவரா அது? பாசியும் வெற்றிலை எச்சிலும் எவனோ கழுவிக் கொட்டின மீன் தண்ணீரும் சேர்ந்து ஊறிப்போய்க் கிடந்தது. கையை எடுத்த பிறகும் அது கையிலேயே இருந்தது.

நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவதைப் பார்த்து, "மூக்க கயட்டி ஆணில மாட்டிட்டு உள்ள வாடா" என்பாய். அந்த ஆணி இன்னும் உன் வாசலில்தான் இருக்கிறது. மச்சான் அதில் இப்போது குடையை மாட்டுகிறார்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. போன இரண்டு மாதமாக, லீவு நாள் ஒன்று விடாமல், நான் சந்து சந்தாக நுழைந்து நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். இராயபுரத்தில் பாக்கி ஒரு சந்து இல்லை. தண்டையார்ப்பேட்டை முடித்தாயிற்று. திருவொற்றியூர் வரைக்கும் போய்விட்டேன். கையில் ஒரு மூங்கில் குச்சி. உன் வீட்டுப் பிரம்பு நாற்காலியின் அகலமும், அதற்கு இந்தப் பக்கம் ஒரு முழங்கை, அந்தப் பக்கம் ஒரு முழங்கையும் வைத்து அளந்து வெட்டின குச்சி. சந்தின் வாயில் அதைக் குறுக்கே பிடிப்பேன். இரண்டு பக்கச் சுவரிலும் இடித்தால் அப்படியே திரும்பிவிடுவேன்.

எதற்கு இந்தக் கிறுக்கு என்று கேட்பாய். உன் மகள் ரஞ்சிதத்துக்கு எட்டு மாதம், அக்கா. நீ போகும்போது அவள் வயிற்றில் ஒன்றும் இல்லை. இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று சொல்லி, ஏழாம் மாதம் உன் மருமகன் எண்ணூரிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். தாய் இல்லாவிட்டால் என்ன, தாய் வீடு இருக்கிறதே என்றாராம். இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

உனக்குத் தெரியாததில்லை. உன் வீட்டிலிருந்து டிராம் ரோட்டுக்கு வர இரண்டே வழி. ஊசிச் சந்து வழியாக வந்தால் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம். அது வேண்டாமென்றால் பின்னால் சுற்றி, கசாப்புக் கடை, குழாயடி, சாக்கடைப் பாலம் எல்லாம் தாண்டி வர வேண்டும். நாலு மடங்கு தூரம். எந்த வழியானாலும் ஜட்காவோ ரிக்‌ஷாவோ உன் வாசலுக்கு வராது. நோயாளியானாலும் பிள்ளைத்தாய்ச்சியானாலும் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டும்.

அந்த ஊசிச் சந்தை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. ஆதியில் அது ஒரு ஆள் குடையை விரித்துக்கொண்டு போகிற தெருவாகத்தான் இருந்திருக்கும். முதலில் ஒருத்தன் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று ஒரு படி கட்டினான். எதிர்வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவன் இரண்டு படி கட்டினான். படி இருக்கிறதே என்று இவன் சுவரைப் படி வரைக்கும் இழுத்தான். சுவர் வந்த பிறகு அதற்கு வெளியே மறுபடி ஒரு படி. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடின வருஷத்தில்கூட, ஓடாமல் இருந்த இரண்டு பேர், கேட்க ஆளில்லை என்று ஒரு சாண் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். உயிர் போகிற நேரத்திலும் சாண் நிலத்துக்கு அலைகிற ஜன்மங்கள்.

இப்போது அங்கே எதிரே ஒரு ஆள் வந்தால் நேராக நடக்க முடியாது, தோளைச் சாய்த்துத்தான் போக வேண்டும். போகிறவன் வருகிறவன் முதுகு தேய்த்துத் தேய்த்துச் சுவர் இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்ப் பலகைபோலப் பளபளக்கிறது. கீழே நடுவில் சாக்கடை. அதன் இரண்டு கரையிலும் ஒவ்வொரு காலை வைத்து வாத்து மாதிரி நடக்க வேண்டும். ஒரு ஜன்னலில் கருவாடு, அடுத்த ஜன்னலில் குழந்தையின் மூத்திரத் துணி, அதற்கடுத்ததில் எவனோ தலையை நீட்டிக் காறித் துப்புகிறான். நடுவில் அந்த வளைவு. அதற்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அதனால்தானே அங்கே குரல் கொடுக்கும் வழக்கமே வந்தது. வாயில் நின்று கையில் இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். "தண்ணி வருது." "வெறகு வருது." "வெறுங்கை வருது." வெறுங்கைக்காரன் பின்னால் போக வேண்டும், சுமைக்காரன் வருவான். இரண்டு பேருக்கும் சுமை என்றால் முதலில் நுழைந்தவனுக்கு வழி. இரண்டுக்கு மட்டும் பின்னால் போகிற பேச்சே இல்லை. கல்யாணச் சீர் ஒன்று. வாசலைத் தாண்டிவிட்ட நோயாளி ஒன்று. நோயாளியைத் திரும்ப வீட்டுப் பக்கம் கொண்டுபோனால் பிழைக்காது என்பார்கள். அந்த இரண்டும் எதிரெதிரே வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அப்படி வராது என்று நினைத்திருப்பார்கள்.

அந்தச் சந்து வழியாக ரஞ்சிதத்தை வலியோடு தூக்கிக்கொண்டு வருவதை என்னால் நினைக்க முடியவில்லை. அதனால்தான் வாசல் வரைக்கும் வண்டி வருகிற ஒரு வீடு, ஒரே ஒரு அறை இருந்தாலும் போதும் என்று, அவளுக்கு வலி எடுப்பதற்குள் தேடிப் பிடிக்க அலைந்தேன்.

தேடின லட்சணத்தைக் கேள். தண்டையார்ப்பேட்டையில் ஒரு வீட்டுக்காரர், தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து பருப்பு மண்டி வைத்திருக்கிறவர், தானே வந்து சந்தைக் காட்டினார். என் குச்சி நுழைவதற்கு முன்னால் அவர் தொந்தி இடித்தது. ஆனாலும் முகத்தில் ஒரு பெருமை.

"வெயிலே விழாது, பாத்துக்கிடுங்க. திருட்டுப் பயமும் கெடையாது. எதைத் தூக்கிட்டு ஓடுவான்? ஓட எடம் வேணும்லா?" என்றார்.

"பொணம் வியுந்தா எப்டி கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன்.

அவர் தொந்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வாடகைக்கு வாறதுக்கு முன்னாடியே சாவைப் பத்திப் பேசுதீரே. அது அந்தந்த நேரத்துல பாத்துக்கிடலாம்" என்றார். இந்த ஊரில் எல்லாருமே அந்தந்த நேரத்தில் பார்த்துக்கொள்கிற ஆட்கள்தான்.

காலடிப்பேட்டையில் கதை வேறு. குறுக்கே குச்சியைப் பிடித்ததைப் பார்த்து, படியை இடிக்க வந்த ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் ஓடி வந்து தன் வீட்டுப் படியின் மேல் தொப்பென்று குந்திக்கொண்டாள். "என்ன இட்ச்சிட்டு அப்பால படிய இடி" என்றாள். நான் ஆபீஸ் ஆள் இல்லை, பிள்ளைத்தாய்ச்சிக்கு வீடு தேடுகிறேன் என்றேன். உடனே எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இந்த கலீஜுக்கா புள்ளத்தாச்சிய இஸ்துகினு வருவ? வேற எடம் பாரு நைனா" என்று எனக்கே புத்தி சொன்னாள். குந்தின படி எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறது என்பது அவள் கண்ணில் படவே இல்லை.

இப்படி அலைந்ததில் எனக்கு ஒன்று விளங்கியது. அவனவன் மற்றவன் படியைத்தான் பார்க்கிறான். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஏனென்றால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது, அக்கா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சாக்கடையைப் பற்றியே எழுதிப் பொழுதை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

தை மாதம், நீ போன அன்று காலை. எங்கள் மேஸ்திரி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஊசிச் சந்தின் அந்தக் கோடியில். ஹார்பரில் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது கிரேன்காரனுக்குக் கீழேயிருந்து குரல் கொடுக்கிறவன். என் குரல்தான் என் சொத்து. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "ஏயுமல, சீருக்கு முன்னால நீ நட. உன் கொரலக் கேட்டா சந்தே ஒதுங்கும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை தைத்துக்கொண்டேன். சாப்பாடு முடிந்ததும் அப்படியே பின்பக்கமாக வந்து உனக்கு அந்தச் சட்டையைக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன்.

இருபத்தொரு தட்டு. பின்னால் பெண்கள், அதற்குப் பின்னால் மேளம். சந்தின் வாயில் வந்து நின்றோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "ஆளு வருது. ஒடம்பு முடியல. வயி வுடு."

முதலில் நுழைந்தது அவர்கள்தான், அக்கா. குரல் என் காதில் விழுந்தது. மேளச் சத்தத்தில் யார் குரல் என்று தெரியவில்லை, ஆனால் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தது. நான் திரும்பி மேஸ்திரியைப் பார்த்தேன்.

"சீரு பின்னால போவாது" என்றார் அவர். "எவனாவது திருட்டுச் சாராயம் குட்ச்சிட்டு வாய் கோணிக் கெடப்பான். நீ கொரலு குடு."

நான் குரல் கொடுத்தேன். "சீரு வருது, பின்னால போ" என்று கத்தினேன். கப்பலுக்குக் கேட்கிற கத்தல். உள்ளேயிருந்து, "அவசரம் நைனா, கொஞ்சம் ஒதுங்கிக்கோ" என்றார்கள். "சீரு ஒதுங்காது" என்றேன். மறுபடி அவர்கள் கெஞ்சினார்கள். மறுபடி நான் கத்தினேன். மூன்றாவது தடவை கத்தும்போது எனக்கு அது பிடித்துக்கூடப் போயிருந்தது, உன்னிடம் மறைப்பானேன். பின்னால் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என் முதுகில் தட்டினார்.

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து பதில் இல்லை. போய்விட்டார்கள் என்று நுழைந்தோம். வளைவில், சுண்ணாம்புச் சுவரில், புதிதாக ஒரு கீறல் இருந்தது. ஏதோ மரச்சாமானைக் குறுகலில் திருப்பியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. புதுச் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளுமே என்று அந்த இடத்தில் நான் உடம்பைச் சுருக்கிக்கொண்டு போனேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் பக்கம் உன் தெரு இருக்கிறதே, வந்தவர்கள் யாராக இருக்கும், ஒரு வார்த்தை கேட்போமே என்று தோன்றவில்லை. போய் உட்கார்ந்து இலையில் இரண்டு தடவை பாயசம் வாங்கினேன். அதன் பிறகு இன்றுவரை பாயசத்தின் வாசனை எனக்குச் சாக்கடையைவிட மோசமாக இருக்கிறது.

சாயங்காலம் உன் வீட்டு வாசலில், ஐஸ் பெட்டி தூக்கிப் பிழைக்கிற உன் தெரு அண்ணன் தம்பி இரண்டு பேரும் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையில் திடீரென்று உனக்கு மாரை அடைத்ததாம். நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஊசிச் சந்து வளைவில் ஒரு சீர் வந்து மறித்ததாம். திரும்பிப் பின்வழியாகச் சுற்றினார்களாம். குழாயடி தாண்டும்போது உன் தலை சாய்ந்துவிட்டதாம். நான் அந்தப் புதுச் சட்டையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சீருக்கு முன்னால் வந்தவன் முகத்தை அவர்கள் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுடுகாட்டுக்குப் போகும்போது பாடைக்குத் தோள் கொடுத்தேன், வளைவில் அதைச் சாய்த்துத் திருப்பும்போது அந்தக் கீறல் என் முகத்துக்கு நேரே வந்தது, அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது மாதம் இதைத் தின்று ஜீரணிக்காமல் கிடக்கிறேன்.

போன வாரம் ஒரு வீடு கிடைத்தது. திருவொற்றியூரில், ரயில் பாதை ஓரம். என் குச்சியை இரண்டு தடவை குறுக்கே வைக்கலாம், அவ்வளவு இடம். ஜட்கா வாசலிலேயே வந்து நிற்கும். குறை என்னவென்றால் பக்கத்தில் தார் காய்ச்சுகிறார்கள். காற்று திரும்பினால் தொண்டை கசக்கும். நாற்றமில்லாத இடம் என்று ஒன்று நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்ன? சந்தோஷமாக ஓடிப்போய் உன் வீட்டில் சொன்னேன்.

ரஞ்சிதம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அந்த தாரு நாத்தத்துல கொயந்த மூச்சு வுடுமா, மாமா? நா வரல."

"வூட்டு வாசல்ல வண்டி வரும், கண்ணு."

"இங்க எத்தினி பேரு பெத்துகீறாங்க. எல்லாம் இந்த சந்துலதான போனாங்க. உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர்தான் எப்போது பேசினார்? ரயில்வே ஷெட்டில் இத்தனை வருஷம் சம்மட்டிச் சத்தம் கேட்டதில் பேச்சே மறந்துபோன மனுஷன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் என்ன பேஜாரு என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இவளை அங்கிருந்து கிளப்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டது, சாக்கடை பொங்கி வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"மச்சான், அன்னிக்கு வளைவுல சீருக்கு முன்னால கத்தினது நான்தான்."

அவர் சுவரில் சாய்ந்தபடியே, "தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"உன் கொரலு எனக்குத் தெரியாதா? நாற்காலிக்குப் பின்னாலதான வந்துகினு இருந்தேன்." தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "எனக்கு முன்னால அவளுக்குத் தெரிஞ்சிச்சு. மாரப் பிட்ச்சிகினு குந்தியிருந்தவ, கொரலக் கேட்டதும் கைய தூக்கி பசங்கள நிறுத்தினா. என்னக் குனியச் சொல்லி, அது என் தம்பின்னு காதோட சொன்னா, மேளத்துல பசங்களுக்குக் கேக்கல. நா உன் பேரச் சொல்லிக் கூப்புட வாயத் தொறந்தேன். வேணான்னுட்டா. நாலு பேரு முன்னால மேஸ்திரியாண்ட நிக்கிறான், நாம கூப்ட்டு அவன் பின்னால போனா அவனுக்கு அசிங்கம், நாம சுத்திகினு போலாம், திருப்புன்னா."

"நோயாளிய திருப்பக் கூடாதுன்னு நீங்களாவது சொல்லக் கூடாதா, மச்சான்?"

"சொன்னேன். கொஞ்சம் சுத்தினா இன்னா இப்போ, செத்தா பூடுவேன்னு சிரிச்சா."

அக்கா, இவ்வளவு நாளும் உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார். மேலே எழுதினது எல்லாம் உனக்குப் பழைய செய்தி. வளைவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நடுவில் ஒரு சுவர். நான் கத்துகிறேன், நீ என் சட்டை கசங்கக் கூடாது என்று பார்க்கிறாய்.

வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தேன். இத்தனை சந்துகளில் வராத வாந்தி. என் மேல் அருவருப்பு வந்தது என்று சொன்னால் போதாது, அது எப்போதும் இருக்கிறதுதான். உன் மேலேயும் வந்தது, அக்கா. யார் கேட்டது உன்னை? சின்ன வயசில் நான் உடைத்த பானைக்கு நீ அடி வாங்கினது போதாதா? "டேய் ஏயுமல" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் இருபத்தொரு தட்டையும் சாக்கடையில் கொட்டிவிட்டு ஓடி வந்திருப்பேனே. வந்திருப்பேனா? அந்தச் சந்தேகத்தில்தான் நீ கூப்பிடாமல் இருந்தாயா? இதற்கு எனக்கு யார் பதில் சொல்வார்கள்?

வேறு ஒன்றும் என்னைத் தின்கிறது. அன்று உள்ளே இருந்தது நீயாக இல்லாமல் வேறு எவளோ ஒருத்தியாக இருந்திருந்தால், நான் இன்று வரைக்கும் அந்தக் கதையை ஹார்பரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். அதை நினைக்கும்போதுதான் என் தொண்டையையே பிடுங்கிப் போடலாம்போல இருக்கிறது.

திரும்ப உள்ளே போனபோது ரஞ்சிதம் எழுந்து நின்றிருந்தாள். யாரும் கை கொடுக்காமல் தானாகவே எழுந்திருக்கிறாள். அவள் என்னை மன்னித்தாள் என்று உனக்கு எழுத ஆசைதான். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். நீ கோபம் வந்தால் கீழுதட்டைக் கடிப்பாயே, அதே மாதிரி கடித்தாள்.

"வெள்ளிக்கெயம போலாம்" என்றாள். "என்னால நடக்க முடியாது. அம்மா குந்தின அதே நாற்காலில குந்துறேன். ஆனா நீதான் முன்னால வரணும், மாமா. அன்னிக்கு எவனுக்கோ குட்த்த இல்ல அந்த கொரல, அத எனக்கு ஒருவாட்டி குடு."

வெள்ளிக்கிழமை என்றால் நாளைக் காலை. ஐஸ் பெட்டி அண்ணன் தம்பிகளே தூக்க வருகிறார்கள். அவர்களிடமும் சொல்லிவிட்டேன், அன்று கத்தினவன் நான்தான் என்று. பெரியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சின்னவன் என் காலடியில் துப்பிவிட்டு, "எத்தினி மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டான். துப்பினது நியாயம்தான், நான் ஒதுங்கிக்கொள்ளவில்லை. மச்சான் இன்று நாற்காலியின் காலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார், வளைவில் மறுபடி சுவரில் உரசக் கூடாதாம்.

ஒன்பது மாதமாக நான் கத்தவே இல்லை, தெரியுமா? ஹார்பரில் கேட்டு வாங்கி, குரலுக்குப் பதிலாகக் கொடி காட்டுகிற இடத்துக்கு மாறிக்கொண்டேன். மேஸ்திரி என் தொண்டைக்கு என்ன வந்தது என்று கேட்டார். சளி என்றேன். நாளைக்கு வாயைத் திறந்தால் என்ன சத்தம் வருமோ தெரியவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. நாளைக் காலையில் அந்த நாற்றம் பிடித்த வளைவில் உன் மகளுக்கு முன்னால் நிற்பேன். குரல் கொடுப்பதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். அந்தப் பக்கமிருந்து எவனாவது குரல் கொடுத்தால், நீ யாரப்பா, யாரைத் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று முதலில் கேட்பேன். அதற்குப் பிறகுதான் என் குரல் வெளியே வரும். நாளைக்கு மட்டும் இல்லை, எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் எந்தச் சந்திலும் இப்படித்தான்.

பிறப்பது பெண்ணாக இருந்தால் ரஞ்சிதம் உன் பெயரை வைப்பாளாம். வைக்கட்டும். ஆனால் உன் குணம் மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். அவளாவது ஆபத்துக்கு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்.

நீ வழி விட்ட உன் தம்பி,
ஏழுமலை